நெல்லிக்காய் அளவில் ஓர் ஆப்பிள்

முழுதாகப் பழுத்தாலும் விக்சன் ஆப்பிளின் குறுக்களவு 3 முதல் 5 சென்டிமீட்டர்தான். ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவு. மஞ்சள் தோலின் மேல் சிவப்பு படர்ந்திருக்கும். கடித்தால் முதலில் இனிப்பு. அடுத்த நொடியே பல்லைக் கூசவைக்கும் புளிப்பு.

இதை உருவாக்கியவர் ஆல்பர்ட் எட்டர். கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பகுதி மலைகளில் குடியேறிய இந்த விவசாயி, முதலில் பெயர் பெற்றது ஸ்ட்ராபெரி ரகங்களால்.

ஆப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. பெரும்பாலான ரகங்களின் பூ தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு ரகத்தின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. பல கன்றுகளை வளர்த்து, காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தேறியதை ஒட்டுக்கட்டிப் பெருக்க வேண்டும். எட்டர் அப்படித்தான் உழைத்தார். கிராப் எனப்படும் குட்டி ஆப்பிள்களைப் பலரும் வெறும் புளிப்புக்காய் என்று ஒதுக்கியபோது, அவர் அவற்றையே பெற்றோராகத் தேர்ந்தெடுத்தார். அவருடைய துணிச்சலான முடிவு இதுதான். அப்படி உருவாகி 1944இல் வெளிவந்த இந்த ரகத்துக்கு, கலிபோர்னியப் பழச் சாகுபடி பற்றிப் பெரிய நூல் எழுதிய பேராசிரியர் எட்வர்ட் விக்சனின் பெயர் அமைந்தது.

சாதாரண ஆப்பிள் சாற்றில் சர்க்கரை 10 முதல் 13 சதவீதம் இருக்கும். விக்சனில் அது 20ஐத் தொடும். 25 வரை போவதாகவும் சொல்கிறார்கள். ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்து சைடர் என்னும் மதுபானம் தயாரிப்போருக்கு இது பெரிய வரம். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். அப்படியானால் லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரையுள்ள சாறு, வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்காமலே 12 சதவீதத்தை நெருங்கும். அது திராட்சை ஒயினின் வலு.

இனிப்பு மட்டும் இருந்தால் சைடர் சப்பென்று போயிருக்கும். சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்த பிறகும் புளிப்பு தரும் மாலிக் அமிலம் பெருமளவு மிஞ்சுவதால் பானத்துக்கு உயிர் நிற்கிறது.

குறை ஒன்று உண்டு: துவர்ப்பு தரும் டானின் இதில் குறைவு. அதனால் டானின் மிகுந்த ரகங்களின் சாற்றைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். விக்சனை மட்டுமே பிழிந்து சைடர் செய்பவர்களும் கலிபோர்னியாவில் உண்டு.

சமையலறையில் இதன் சிறிய உருவமே வசதி. தோல் சீவாமல், துண்டு போடாமல், முழுப் பழமாகவே சர்க்கரைப் பாகில் வேகவைக்கலாம், பச்சையாகவும் தின்னலாம். உருவம் பார்த்து விலை வைக்கும் பழச்சந்தையில் இதற்கு இடம் கிடைப்பது கடினம். ஆகவே இன்றும் பெரும்பாலும் சைடர் தோப்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும்தான் இது வளர்கிறது.