பார்த்து வரைதலும் பக்கம் பார்த்தலும்

"எனக்கு ஓவியம் வராது" என்று சொல்லாத நண்பர்களை நம் விடுதியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் ஐந்தாண்டுக் காலம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் அது என் கையின் குற்றமன்று. கண் போன இடத்தின் குற்றம் என்று இப்போது அறிகிறேன்.

நான் வளர்ந்தது கோலார்த் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகம். சுரங்க வாயில்களின்மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களும், பொன்னைப் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேடுகளுமே எங்களுக்குக் கோயிலும் மலையும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சக்கரம் சுழன்றதை நான் பார்த்தவனல்லன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், சன்னலுக்கு வெளியே தெரிந்த அக்கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தோம். பக்கத்திலிருந்த தோழன் கை தேர்ந்தவன். நான் ஒரு கோடு இழுப்பேன், அவன் தாளைப் பார்ப்பேன், அழிப்பேன். மணி அடித்தபோது என் தாளில் கிடந்தது அவன் படத்தின் மங்கிய நிழல். கோபுரத்தையோ நான் நான்கு முறைகூடப் பார்த்திருக்க மாட்டேன்! அன்று எறிந்த பென்சிலைப் பிறகு தொடவில்லை.

ஓவியத்தில் ஒப்பிடுதலே கூடாதென்று சொல்ல வரவில்லை. ஒப்பிடாமல் ஒரு கோடும் போட முடியாது. எதை எதனோடு ஒப்பிடுவது என்பதுதான் கேள்வி. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். கோபுரத்தின் அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் அளந்து, அந்த அளவு உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறதென்று எண்ணுங்கள். அந்த விகிதம் தாளிலும் இருக்கிறதா? அடுத்து, கோபுரத்தின் கால்களை விட்டுவிட்டு, அவற்றின் இடையே தெரியும் வானத்துண்டுகளின் வடிவத்தை வரையுங்கள். கால்கள் தாமாகவே வந்து நிற்கும்! 'கோபுரம் இப்படித்தான் இருக்கும்' என்று மனம் முன்கூட்டியே எழுதிவைத்த படம் வானத்துண்டுக்கு இல்லை. ஆகவே கண் உள்ளதை உள்ளபடி பார்க்கிறது. இந்த வேலையில் ஈடுபட்டவனுக்குப் பக்கத்துத் தாளைப் பார்க்க நேரம் ஏது?

வின்சென்ட் வான்கா ஓவியனாவதென்று துணிந்தது 1880-இல், 27-ஆம் வயதில். அதுவும் பெல்ஜியத்தின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில். (அதே ஆண்டில்தான் ஜான் டெய்லர் குழுமம் எங்கள் தங்கவயலுக்குள் காலடி வைத்தது.) பனியில் வேலைக்குப் போகும் சுரங்கத் தொழிலாளரை அவர் அப்போது வரைந்த படங்களில் உருவங்கள் மரப்பொம்மைபோல் விறைத்து நிற்கின்றன. மில்லேயின் படங்களையும், சார்ல் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களையும் அவர் விடாமல் பார்த்து வரைந்தார். பிறர் படத்தைப் பார்ப்பது தவறென்றால் அதுவும் தவறாகும், தவறன்று. கற்கப் பார்ப்பது வேறு, தன்னை எடைபோடப் பார்ப்பது வேறு.

நம் ஆதிமூலமும் 1969-இல் வந்த காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியடிகளை மட்டுமே நூறளவில் கோட்டோவியங்களாகத் தீட்டினார். ஒரே மனிதரை அத்தனை முறை!

நான் மீண்டும் பென்சில் எடுத்தது தாத்தாவால். சுரங்கத்தில் இரும்புக்கயிற்றைச் சோதிக்கும் வேலை பார்த்தவர் அவர். இப்போது அவ்வளவு தூரம் நடக்க இயலாது. பார்வையும் மங்கிவருகிறது. "அந்தக் கோபுரத்தை ஒரு தாள்ல போட்டுக் கொடுடா, கண்ணு இருக்கறப்பவே பார்த்துக்கறேன்" என்றார் சென்ற கோடை விடுமுறையில். முதல் தாளை நீட்டினேன். அழகா, இல்லையா என்று அவர் சொல்லவேயில்லை.

"என்னடா, சக்கரம் ஒண்ணுதான் போட்டிருக்கே? ஒரு கூண்டு ஏறினா இன்னொரு கூண்டு இறங்கணும். ரெண்டு கயிறு, ரெண்டு சக்கரம். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். இரண்டுதான்! ஒன்றன்பின் ஒன்று மறைந்து நின்றது. பிறந்தது முதல் பார்த்த கோபுரம் அது.

மூன்றாவது தாளை அவர் முகத்தருகே வைத்து, சக்கரத்திலிருந்து எந்திர அறையை நோக்கிச் சரியும் கயிற்றுக் கோட்டை நகத்தால் தடவிக்கொண்டே போனார். "சரிவு கொஞ்சம் போதாது" என்றார்.

மறுநாள் விடியலில் பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடியும் புறப்பட்டேன்.