கானா யாருடைய சொத்து?

கானாவைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதப்படுவதில் பெரும்பகுதி இரண்டே சொல்லாடல்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று, அது விளிம்புநிலை மக்களின் 'கலகக் குரல்'. மற்றது, சினிமாவும் யூடியூபும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிய 'தூய' கலை. காசு வாங்கிப் பாடினா கானா செத்துப்போச்சு என்று அங்கலாய்க்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கலாம்: பாடுகிறவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா? காசு வந்தது குற்றமல்ல. வந்த காசு யார் பைக்குப் போகிறது, எந்த விதியின்படி போகிறது என்பதுதான் விவாதிக்கப்பட வேண்டியது. அதை நாம் பேசுவதே இல்லை.

பழைய ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள், ஆலைத் தொழிலாளிகள் எல்லாம் வேலை முடிந்தபின் கூடிப் பாடியது கானா. பிழைப்பு வேறு, பாட்டு வேறு. சாவு வீட்டில் பிணம் கிடக்கும் ராத்திரியைக் கடத்த வேண்டும். விடிய விடியப் பாட வேண்டும். டேப்பு இருந்தால் டேப்பு, இல்லையென்றால் சட்டி, மேசை, அதுவும் இல்லையென்றால் கைத்தட்டல். செத்தவர் பெயர், பார்த்த தொழில், பெற்ற பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வந்தாக வேண்டும். டீ, பீடி, சரக்கு, யாராவது கையில் திணிக்கிற ரூபாய், இவ்வளவுதான் வரவு. அந்தப் பாட்டைக் கேட்பவர்களுக்குச் செத்தவரைத் தெரியும், பாடுகிறவனையும் தெரியும். பாட்டு ஒருவகையில் தெருவுக்குத் தெரு செய்துகொள்ளும் மொய்.

மெட்டு பெரும்பாலும் சினிமாவிலிருந்து வரும். யாருடைய மெட்டு என்று யாரும் கேட்டதில்லை. சினிமாவும் கானாவிடம் எடுத்துக்கொண்டது. 1996இல் வந்த 'காதல் கோட்டை' உட்படப் பல படங்களில் தேவா அதைச் செய்தார். இருதரப்பும் எடுத்துக்கொண்டதுதான். ஆனால் தெருவில் எடுத்தது தெருவிலேயே கரைந்துபோனது. சினிமா எடுத்தது கேசட்டாகி விலைக்கு வந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் 'கொடுக்கல் வாங்கல்' என்று பேசுவது சௌகரியமான பேச்சு.

பிறகு பாடகர்களே உள்ளே போனார்கள். 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன், 2012இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. குரலுக்குப் பெயர் கிடைத்தது, நல்லது. கூடவே ஒன்று நடந்தது: ராத்திரி முழுக்க நீண்ட பாட்டு நாலைந்து நிமிடமானது. செத்தவர் காணாமல் போனார். முகம் தெரியாத கேட்பாளனுக்குப் பாட வேண்டியிருப்பதால் காதல் தோல்வி, நண்பன், அம்மா என்று எவர் வீட்டுக்கும் பொருந்துகிற விஷயங்கள் முன்னுக்கு வந்தன. இதை வீழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளர் வாசலில் நிற்காமல் ஒரு பையன் தன் பாட்டைத் தானே வெளியிட முடிகிறதென்றால் அது சின்ன விஷயமா?

ஆனால் யூடியூபின் கணக்கைப் பார்க்க வேண்டும். விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. அதன்பின் வீடியோவோடு ஓடும் விளம்பரத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. கவனியுங்கள், சேனலுக்கு; பாடகனுக்கு அல்ல. கேமராவும் ஸ்டுடியோவும் வைத்திருப்பவர் சேனலை நடத்தினால், பாடியவனுக்கு அன்றைக்குக் கொடுத்த கூலியோடு கதை முடிந்தது. பட மெட்டில் பாடினாலோ, இசை நிறுவனம் உரிமை கோரி அந்த வருமானத்தையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். தெருவில் பொதுவாகக் கிடந்த மெட்டு இங்கே வேலிக்குள் போய்விட்டது. சேனலின் தலை எழுத்தை முடிவு செய்வது எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது மட்டுமே. முன்பு 'இன்னும் ஒண்ணு பாடு' என்று சொன்ன இடத்தில் இப்போது இந்த எண்.

காசை மையமாக வைக்காமலும் கானாவைத் திருப்பிக் கட்டலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதலில் மேடையேறியது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்த பெயர். கானா, ராப், ராக் கலந்து இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பாடினார்கள். முகம் தெரியாத கூட்டத்திடம் பாடும்போதும் காதல் தோல்வியில்தான் நிற்க வேண்டுமென்பதில்லை என்று காட்டினார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அமைப்பும் ஓர் இயக்குநரின் பெயரும் இருந்தன. எண்ணூரில் தனியாகச் சேனல் நடத்துகிற பையனுக்கு அவை எங்கிருந்து வரும்?

சட்டம் ஓரளவு இவன் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உண்டாகப் பதிவு கட்டாயமில்லை. பாட்டுக் கட்டியவனுக்கே முதல் உரிமை. 2012 திருத்தம், சினிமாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் போன பாட்டு வேறு வழிகளில் பயன்படும்போது, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வருமானத்தில் சமபங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொல்கிறது. வாயாலேயே கட்டி வாயாலேயே கொடுத்த பாட்டுக்கு 'இது நான் கட்டினது' என்று காட்டத் துண்டுக் கடுதாசி இல்லை, அதுதான் சிக்கல். கலகம் பற்றிக் கட்டுரை எழுதுகிற நாம், நமக்குத் தெரிந்த வக்கீல் தோழர் ஒருவரை ஒரு சாயங்காலம் திருவொற்றியூருக்குக் கூட்டிப்போகலாம். பதிவுக்கு முன்னால் வரி யாருடையது, மெட்டு யாருடையது, சேனல் யார் பெயரில், பங்கு எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லித்தர அவ்வளவு நேரம் போதும்.