நடுபல்லும் லேசர்க் கதிரும்

பல் போனாற் சொல் போம் என்பது ஊர்வழக்கு. தகர நகரங்கள் நுனிநா மேற்பல்லின் அடியைப் பொருந்துதலாற் பிறக்கும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறியதைக் கற்பிக்குந்தோறும் அவ்வழக்கின் உண்மை எமக்குப் புலனாகும். ஆதலாற் பல்லைப் பற்றி எழுதுவது தமிழாசிரியனுக்கு முற்றும் புறம்பன்று. எம்மினும் மூத்த பழைய மாணவர் ஒருவர் அண்மையில், “மாஸ்ரர், இப்போது கத்தியுமில்லை, நோவுமில்லையாம், லேசராலேயே பல்லை நட்டுவிடுகிறார்களாமே!” என்றார். அவர்க்கு யாம் கூறிய விடை இது.

பல்லை நடுவது லேசரன்று. 1950களில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் பிறானமார்க், முயலின் என்பில் வைத்த தைத்தானிய உலோகம் என்போடு ஒன்றிப் பிரிக்கவொண்ணாது நின்றதைக் கண்டார். 1965இல் அம்முறையை மனிதரிடத்துக் கையாண்டார். இன்றும் தாடையென்பிற் குழி அமைப்பது பெரும்பாலும் துளைகருவியே.

1960இல் அமெரிக்கரான மைமன் செயற்கை மாணிக்கப் பளிங்கினின்று முதன்முதற் பெற்ற லேசர், ஒரே அலைநீளமுடைய ஒளி. அவ்வலைநீளத்தை எப்பொருள் உறிஞ்சுமோ அப்பொருளிலேயே அது தொழிற்படும். 2,940 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஏர்பியம் லேசரை நீர் மிக விரைந்து உறிஞ்சும். இழையத்திலுள்ள நீர் கணத்தில் ஆவியாக, மெல்லிய படை மட்டுமே நீங்கும். அதனால் நடுபல்லைச் சூழ்ந்து அழற்சியுற்றவிடத்தைத் தூய்மையாக்க இது உதவுகின்றது. 10,600 நனோமீற்றருடைய காபனீரொட்சைட்டு லேசர் முரசை வெட்டும்போதே நுண்ணிய குருதிக் குழாய்களையும் அடைத்துவிடும். முரசினுள் மறைந்திருக்கும் நடுபல்லின் தலையை வெளிப்படுத்துகையில் குருதி சிந்துவது குறைவு.

நியோடிமியம் லேசரோ தைத்தானியத்தின் மேற்பரப்பை உருக்கவல்லது. என்பும் வெப்பம் பொறாது. 47 பாகை செல்சியசு ஒரு நிமிடம் நீடிப்பினே கேடுறும். ஆகவே, லேசர் உண்டா என்று கேட்பதினும் எந்த லேசர், எதற்கு என்று கேட்பதே நன்று.

கட்டுப்பல்லுக்கு வருவோம். பொருந்தாத கட்டுப்பல்லின் விளிம்பு நெடுங்காலம் உராய்ந்தால் முரசோரத்திற் சதை மடிப்பாக வளரும். லேசரால் அதை நீக்கலாம். பெரும்பாலும் தையலும் வேண்டியதில்லை. நீக்கிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புதல் அவசியம். ஆனால் பழைய கட்டுப்பல்லையே திருத்தாது மீண்டும் அணிந்தால் சதையும் மீண்டும் வளரும்.

எம்மை வினவிய பெரியவர் தமது கட்டுப்பல்லைப் பன்னிரண்டு ஆண்டுகளாக எவரிடமும் காட்டவில்லையாம். கீழ்முரசில் ஒரு தடிப்பும் உண்டென்றார். லேசர் உள்ள இடத்தைத் தேடுமுன், அடுத்த கிழமையே பல்வைத்தியரிடம் செல்லுமாறு கூறியனுப்பினோம்.