காற்றுக் கலமும் கடற்காற்றும்

அரசலாறு வங்கக் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் காரைக்கால். அங்கே சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் விரைவில் துருவேறும். உப்பையும் ஈரத்தையும் சுமந்து வரும் கடற்காற்றே அதற்குக் காரணம். அக்காற்றையே உறிஞ்சி இரும்புக் கலத்துள் அடைத்து வைக்கும் எந்திரம் ஒன்று உண்டு. வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கவும் வண்ணம் தெளிக்கவும் பயன்படும் அதனைக் காற்றமுக்கி என்பர். பட்டறைகளில் கம்ப்ரசர் என்றே வழங்குவர். பழைய கம்ப்ரசரை வாங்கி வீட்டு வண்டிக் கொட்டகையில் நிறுவ விரும்புவோர் பலர், மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தவுடன் மனநிறைவு கொள்கின்றனர். முதலில் ஆராயத் தக்கது அதன் கலமே.

30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே தாங்க வல்லது. ஈரம் மிகுந்த நாளில் அதில் 24 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அத்தகைய காற்றில் 8 கன மீட்டரை ஒரு கன மீட்டர் இடத்தில் அமுக்கி அடைத்தால், உட்புகும் நீராவி 192 கிராம் ஆகும். கலம் ஆறியபின் 30 கிராம் மட்டுமே ஆவியாக நிற்கும்; எஞ்சிய 162 கிராமும் நீராகி அடியில் தேங்கும். நாள்தோறும் அடிக்குழாயைத் திறந்து அதனை வெளியேற்றாவிடின், அந்நீர் உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். வெளியே பூசிய புது வண்ணமோ வாங்குவோர் கண்ணை மயக்கும். தகடு மெலிந்த கலம் வெடித்தால் அருகில் நிற்பவர் உயிர்க்கே கேடு நேரும்.

ஆதலால் பழைய கலத்தை நீரால் சோதிப்பர். காற்றால் சோதித்தல் பெருந்தவறு. அமுக்கிய காற்று, இறுக்கிய சுருள்வில்லை ஒக்கும். கலம் பிளந்ததும் பன்மடங்கு விரிந்து தகட்டை வீசி எறியும். நீர் எளிதில் அமுங்குவதில்லை. எனவே அதில் சேரும் ஆற்றல் மிகச் சிறிது. கலத்துள் காற்றே எஞ்சாதபடி நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை கைப்பம்பினால் ஏற்றுவர். மெலிந்த கலமாயின் நீர் கசியும். அழுத்தமானியின் முள் இறங்கிவிடும். இச்சோதனையைப் பயிற்சி பெற்றோரே செய்தல் வேண்டும். துருவால் கசிந்த கலத்தை ஒட்டுப் போட்டு மீண்டும் பயன்படுத்துதல் கூடாது.

தேறிய கலத்துக்கும் காவல் தேவை. அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்துகொள்ளும் காப்பு வால்வே அக்காவல். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. காப்பு வால்வை ஆக்கியவரும் பிரெஞ்சு நாட்டில் பிறந்த தெனி பப்பேன் என்னும் அறிஞரே. எலும்பையும் மென்மையாக்கும் ஆவிக் கலம் ஒன்றை அவர் 1679இல் லண்டனில் காட்டினார். அது வெடியாமல் காப்பதற்கே வால்வு பிறந்தது. இன்றைய பிரஷர் குக்கருக்கு அக்கலமே மூதாதை.

இனி மின்னிணைப்பு. 2 குதிரைத்திறன் கொண்ட ஒருமுனை மோட்டார் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். ஆயின் புறப்படும் கணத்தில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். நீண்ட மெல்லிய கம்பியில் அப்போது மின்னழுத்தம் வீழ்ந்து, மோட்டார் சுழல மாட்டாமல் முனகிச் சூடேறும். எனவே விளக்குக்கு இட்ட கம்பியில் இதனை இணைத்தல் தகாது. மீட்டர் பலகையிலிருந்து தனியே தடித்த கம்பியும், தனி எம்.சி.பி.யும், உறுதியான எர்த் இணைப்பும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமைக்க வேண்டும். கடற்கரையில் எர்த் கம்பியைப் பிணைக்கும் திருகாணியும் துருவேறுமாதலால், அதனை அவ்வப்போது பார்த்துவர வேண்டும். மும்முனை மோட்டாராயின் சுழலும் திசையும் முக்கியம். பெருஞ்சக்கரத்தின் ஆரங்கள் விசிறியாகி உருளையின் மேல் காற்றை வீசுதல் வேண்டும். எதிராகச் சுழன்றால் மூன்று கம்பிகளுள் இரண்டை இடம் மாற்றி இணைத்தால் போதும்.

கலம் நிரம்பியதும் அழுத்தச் சுவிட்சு மோட்டாரை நிறுத்தும். அப்போது 'உஸ்' என்ற ஒலி எழும். உருளைக்கும் கலத்துக்கும் இடையேயுள்ள குழாயில் எஞ்சிய காற்று வெளியேறும் ஒலியே அது. அவ்வொலி எழவில்லையெனில், அடுத்த முறை மோட்டார் சுமையோடு புறப்பட நேரும், எம்.சி.பி. விழுந்துவிடும்.