கல்லாவை விட்டு எழுந்த பிறகு

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் நாள் பணியில் சேரும்போதே தெரிந்துவிடுகிறது. தமிழக அரசுப் பணியில் முன்பு 58 வயது. 2021 முதல் 60. அன்றைக்கு ஒரு மாலை, ஒரு பாராட்டுக் கூட்டம், மறுமாதம் முதல் ஓய்வூதியம். வணிகர்களாகிய நமக்கு அப்படி யாரும் நாள் குறித்துத் தருவதில்லை. நாமாகக் குறித்துக்கொள்வதும் இல்லை. உடம்பு படுத்தும் வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பதே நம் வழக்கமாகிவிட்டது.

இதனால் வரும் நஷ்டம் ஐந்தொகையில் தெரியாது. மகனுக்கு 45 வயது ஆகியிருக்கும். விற்பனைப் பிரதிநிதி ஆர்டர் கேட்டால், "அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். வாடிக்கையாளர் முன்னிலையிலேயே தகப்பனார் விலையைத் திருத்துவார். மகன் வளர்வதில்லை; தகப்பனாருக்கும் நிம்மதி இல்லை. இது ஒரு வகை.

இன்னொரு வகை, ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது. முதல் மாதம் சுகமாக இருக்கும். கோயில், குளம், பேரப்பிள்ளைகள் என்று பொழுது போகும். பிறகுதான் வெறுமை தெரியும். நாற்பது ஆண்டுகளாகக் காலையில் கடை திறந்ததும், "அண்ணாச்சி, துவரை இன்றைக்கு என்ன விலை?" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். இப்போது கேட்பார் இல்லை. பணம் குறையவில்லை, சாப்பாடு குறையவில்லை. நம்மிடம் கேட்டுச் செய்வோர் இல்லாமல் போனதுதான் குறை. ஓய்வுக்காலத்தில் மனதை அரிப்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே நம்மை நாடிக் கேட்கும் இடம் இனி எது என்பதை, கல்லாவில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம்

இதற்கு வெளியூர் போகத் தேவையில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாத வணிகர் நம்மில் இல்லை. அது ஓய்வு பெற்ற ஒருவர் தொடங்கியது என்பதைத்தான் பலர் மறந்துவிட்டோம்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 1918-இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். முப்பது வயதை ஒட்டி வந்த கடுமையான மூட்டுவாதம் அவரது விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகினார். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக வந்தார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தம் கையாலேயே செய்தார். 1973-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1976-இல் ஓய்வு வந்தது. பெயரும் அனுபவமும் இருந்த அவர், சொந்தமாக மருத்துவம் பார்த்து வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதுவரை தாம் செய்த வேலையில் பாக்கி எது என்று பார்த்தார். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர் அவர். புரை விழுந்து பார்வை இழந்தவர்கள் கிராமங்களில் ஏராளமாக இருந்தார்கள்; ஒரு சிறிய அறுவையில் பார்வை திரும்பும், ஆனால் அவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அந்தப் பாக்கியைத் தீர்ப்பதையே ஓய்வுக்காலத்தின் முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார்.

வங்கிக் கடன் கிடைக்காத நிலையில் வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தார் நகைகளைக் கொடுத்து உதவினார்கள். தாம் வழிபட்ட ஸ்ரீ அரவிந்தரின் பெயரில், ஒரு வீட்டிலேயே 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது.

வணிகர் கவனிக்க வேண்டிய கணக்கு

அந்த மருத்துவமனை நன்கொடை உண்டியலை நம்பி வளரவில்லை. வசதியுள்ளவர் கட்டணம் கொடுப்பார். இல்லாதவருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். முன்னவர் கொடுப்பதில் பின்னவருக்கும் செலவு கட்டும்படி ஏற்பாடு. குறைந்த லாபம், நிறைய விற்பனை என்று கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் நாம் பார்க்கிறோமே, அதே கணக்குதான்.

கடையில் எடை போட ஒருவர், பொட்டலம் கட்ட ஒருவர், பில் போட ஒருவர் என்று வைத்தால் வரிசை வேகமாக நகரும். அங்கும் அப்படியே. டாக்டர் அறுவையை மட்டும் செய்வார். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்தது; விலை நூறு டாலர் அளவில் இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிலையம் தொடங்கி, அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 1993-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைத் தன் மாணவர்களுக்குப் பாடமாகவே எழுதி வெளியிட்டது.

டாக்டர் அவர்கள் 2006 ஜூலையில் தமது 87-ஆம் வயதில் காலமானார். ஓய்வுக்குப் பின் முப்பது ஆண்டுகள்! தங்கை நாச்சியார், அவரது கணவர் நம்பெருமாள்சாமி என்று உடனிருந்தவர்களை ஆளாக்கி வைத்திருந்ததால், அவர் மறைவுக்குப் பிறகும் நிறுவனம் வளர்ந்தது.

நாம் என்ன செய்யலாம்?

எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது, தேவையும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் சென்ற வழியை. கற்ற தொழிலையே எடுத்தார், சிறிதாகத் தொடங்கினார், கணக்கோடு நடத்தினார், அடுத்தவரைத் தயார் செய்தார். இந்த நான்கும் ஒரு பலசரக்கு வணிகருக்கும் கைவந்தவைதானே!

கையில் அள்ளிப் பார்த்துப் பருப்பின் தரம் சொல்கிறோம். மிளகில் பப்பாளி விதையும், கடுகில் பிரமதண்டு விதையும் கலந்திருந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இல்லத்தரசிகளுக்கும் சொல்லிக் கொடுக்க நம்மைவிடத் தகுந்தவர் யார்? மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களைப் போல, மகளிர் குழுக்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் நிறைய உண்டு. சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு அடக்க விலை போடவும், பற்று வரவு எழுதவும் கற்றுத்தர ஆள் வேண்டும். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணாநகரில்தான் திறக்கப்பட்டது. மேலூர், உசிலம்பட்டிப் பக்க விவசாயிகளுக்குச் சரக்கைத் தரம் பிரிக்கவும், சிப்பம் கட்டவும், பேரம் பேசவும் யோசனை சொல்லலாம். கோயில் அன்னதானத்துக்குச் சரக்கு வாங்கும்போது தரமும் விலையும் பார்த்துக் கொடுக்கலாம். அரவிந்த் நடத்தும் கண் முகாம்களுக்கே, இடம் பிடித்து ஊராருக்குத் தகவல் சொல்லி ஏற்பாடு செய்ய உள்ளூர்ப் பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள்.

தயார் செய்துகொள்வது எப்படி?

முதலில், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேதி குறித்துவிடுங்கள். சித்திரை முதல் நாளோ, ஆயுத பூஜையோ, புதுக்கணக்கு போடும் நாளாக இருந்தால் நல்லது. அதுவரை வாரம் அரை நாள் கடையை மகனிடமோ மகளிடமோ விட்டுவிட்டு, நீங்கள் எடுக்கப்போகும் வேலைக்குப் போய்ப் பழகுங்கள். ஓய்வு பெற்ற மறுநாள் புதிதாகத் தேடத் தொடங்கினால் அமைவது கடினம்.

இரண்டாவது, விலகுவதைக் காகிதத்திலும் முடியுங்கள். கூட்டு வணிகமாக இருந்தால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, விலகிய பங்குதாரர் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை மூன்றாம் நபர்களுக்கு அவர் பொறுப்பு தொடரக்கூடும். அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட்டு, பதிவு செய்த நிறுவனமானால் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். தனி உரிமைக் கடையானால் ஜி.எஸ்.டி. பதிவு உங்கள் பான் எண்ணில் இருக்கும். மகன் பெயரில் புதிய பதிவு வேண்டும். உங்கள் கணக்கில் மீதமுள்ள உள்ளீட்டு வரியை மாற்ற ஐ.டி.சி.-02 படிவம் உண்டு. ஆடிட்டரைக் கலந்து செய்யுங்கள்.

மூன்றாவது, கைச்செலவுக்கு உங்கள் பெயரில் தனியாகப் பணம் வையுங்கள். பஸ் செலவுக்கு மகனிடம் கை நீட்டும் நிலை வந்தால், எந்தத் தொண்டும் நீடிக்காது. சொத்தை எழுதிக் கொடுப்பதானால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது.

நான்காவது, வீட்டு அம்மாவையும் கேளுங்கள். மல்லி வற்றல் காயவைத்ததும், பொட்டலம் மடித்ததும், கடைப் பையன்களுக்குச் சோறு போட்டதும் அவர்கள்தாம். அவர்களுக்கு யாரும் ஓய்வு கொடுத்ததில்லை. நாம் வீட்டில் உட்கார்ந்து வேளைக்கு ஒரு காபி கேட்பதை ஓய்வு என்று நினைத்தால், அவர்கள் வேலைதான் இரட்டிப்பாகும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு வணிகர் சங்கமும் கடைப் பொறுப்பிலிருந்து விலகிய மூத்த உறுப்பினர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கலாம். யாருக்கு எந்தச் சரக்கில் அனுபவம் என்று குறித்துக்கொண்டால், புதிதாகக் கடை வைக்கும் இளைஞர் யாரைக் கேட்பது என்று அலைய வேண்டாம். கொடுக்கல் வாங்கல் தகராறு நீதிமன்றம் போகுமுன் உட்கார்ந்து பேசித் தீர்க்க, இரண்டு தரப்பும் மதிக்கும் பெரியவர்கள் கிடைப்பார்கள்.

கடைச் சாவியைக் கொடுத்துவிடலாம். நாற்பது ஆண்டு அனுபவத்தை அப்படிக் கொடுத்துவிட முடியாது. அது நம்மிடம் இருப்புச் சரக்காகவே இருக்கும். இருப்பில் கிடக்கும் சரக்கு வீணாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. காலத்தோடு அதைத் தேவைப்படுவோர் கையில் சேர்ப்போம்.