பருமனான பிள்ளைக்கு முட்டி வலித்தால் ஓடவிடலாமா?

மாடிப்படி ஏறியதும் முட்டியைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையிடம் 'பேசாம உட்காரு' என்றுதான் சொல்லத் தோன்றும். சிக்கலே அங்கேதான்.

சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல 2, 3 மடங்கு சுமை இறங்குகிறது. 60 கிலோ பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படியானால் ஓய்வுதானே நல்லது?

இல்லை. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. பிறகு சத்து எப்படிப் போகிறது? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் நீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சும். நடக்கும்போது அழுந்தி அழுந்தி விடுபடும் குருத்தெலும்பும் மூட்டுத் திரவத்தை இப்படித்தான் உள்ளே இழுக்கிறது. உட்கார்ந்தே இருக்கும் முட்டிக்கு அந்தச் சத்து சரியாகக் கிடைப்பதில்லை.

தொடையின் முன்தசை வலுத்தால் அதிர்வில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். அதனால் அது வலுக்கும்வரை ஓட்டம், குதிப்பு வேண்டாம். நீச்சல், சைக்கிள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போதும். பிறகு மெல்லக் கூட்டலாம்.

ஆனால் பிள்ளை நொண்டினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பருமனான பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் வளரும் எலும்பின் முனை நழுவுவதுண்டு. கோளாறு இடுப்பில், வலி மட்டும் முட்டியில் தெரியும்!