கர்ப்ப காலத்தில் சுகர்: மாதம் ஒரு பரிசோதனை போதாது

ஓசூர் சிப்காட்டில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டுமென்றால், சூளகிரியில் இருப்பவர் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இரண்டாம் ஷிஃப்டு வந்தால் வீடு திரும்பவே இரவு பதினொன்றைத் தாண்டும். ஷிஃப்டோடு சாப்பாட்டு நேரமும் தூக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் ஒருவர் இந்த ஓட்டத்துக்கு நடுவே கருவுற்றால், மாதச் செக்கப்பில் எடுக்கும் ஒற்றை அளவை மட்டும் நம்பியிருக்க முடியாது. வீட்டிலும் வேலையிடத்திலும் அவரே விரல் நுனியில் குத்திப் பார்த்துக் குறித்துவர வேண்டும்.

கண்டுபிடிப்பது முதல் படிதான்

கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007-லேயே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. அதற்குப் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. சாப்பிட்டிருந்தாலும் சரி, வெறும் வயிறானாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் எளிய முறை அது. அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இதைச் செய்கிறார்கள்.

சர்க்கரை இருப்பது முன்பே தெரிந்தவருக்கு வேண்டியது அன்றாடக் கண்காணிப்பு. அதுவும் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் எட்டு வாரங்களில். நாள் தள்ளிப்போய்ச் சந்தேகம் வருவதற்குள் அதில் பாதிக் காலம் ஓடிவிடும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது, ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தில் மாத்திரை வாங்கும் பெண்கள், குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில பிரஷர் மாத்திரைகளும் கொழுப்பு மாத்திரைகளும் கர்ப்பத்துக்கு ஆகாது. அதற்காகத் தாங்களாகவே எதையும் நிறுத்தவும் கூடாது.

எப்போது, எவ்வளவு?

வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். இவைதான் பொதுவான இலக்குகள். நேரத்தை முதல் வாய் சாப்பாட்டிலிருந்து கணக்கிட வேண்டும். ஷிஃப்டு எதுவானாலும் கணக்கு சாப்பாட்டை வைத்துத்தான்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதாலும், ரத்தசோகை இருந்தாலும் அந்த அளவு பிசகும். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையும் அதில் தனியாகத் தெரியாது.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே மீட்டரில் அளவைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டும். மாங்காய் மண்டிக்குப் பேர்போன மாவட்டத்தில் இது நினைவிருக்க வேண்டிய விஷயம். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

ராகிக் களி சாப்பிட்டால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் உண்டு. களியும் மாவுச்சத்துதான். உருண்டை பெரிதானால் சர்க்கரையும் ஏறும். உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் கடைசலையோ பருப்பையோ கூட்டி, இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்தால் நம் உடம்புக்கு எவ்வளவு களி ஒத்துக்கொள்கிறது என்று மீட்டரே சொல்லிவிடும்.

இன்சுலின் பயம் வேண்டாம்

தாயின் சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதிகச் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும். பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை சட்டென இறங்கும். அந்தக் குழந்தைக்குச் சீக்கிரமே தாய்ப்பால் கொடுத்து, சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்சுலின் தேவை கூடுவது இயல்பு. குறிப்பேடு இருந்தால்தான் மருத்துவர் அளவைச் சரியாகக் கூட்ட முடியும். கை நடுங்கி, வியர்த்து, அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

எல்லை தாண்டினாலும் நோட்டு கூடவே

வேலை ஓசூரில், தாய் வீடு கர்நாடகத்தின் அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். பிரசவத்துக்கு மாநிலம் மாறும்போது மருத்துவர் மாறுவார், செக்கப் அட்டையும் மாறும். சர்க்கரை அளவும் இன்சுலின் அளவும் எழுதிய நோட்டு கையில் இருந்தால் புது மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். விரலில் குத்திப் பார்க்க ஐந்து நிமிடம், நேரத்துக்குச் சாப்பிட ஓர் இடைவேளை, இன்சுலின் வைக்க முதலுதவி அறையில் ஒரு ஃபிரிட்ஜ். கர்ப்பிணித் தொழிலாளிக்கு இந்த மூன்றையும் செய்து கொடுங்கள். பெரிய செலவில்லாத இந்த உதவியால் காப்பாற்றப்படுவது இரண்டு உயிர்கள்.